பென்சிலில் ஓர் 'எ'

வியாழன் இரவு, கிரிம்ஸ்பி.
நூலகத்தின் மேல்மாடி அறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
மீன் ஆலையிலிருந்து நேரே வந்தவர்களின்
கோட்டுகளை விட்டுக் குளிர் இன்னும் இறங்கவில்லை.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்தபடி
பன்னிரண்டு நோட்டுகளைத் திருத்துகிறேன்.

வெல்டா, லாத்வியாக்காரி.
'தி'யை உப்பைப்போல் அள்ளித் தூவுகிறவள்.
தி வாழ்க்கை. தி கடவுள். தி பசி.
எந்தப் பசி என்று கேட்டால்
"அதுதான், எல்லாருக்கும் தெரிந்தது" என்கிறாள்.
அடித்துவிட்டேன்.
அடித்த பிறகு அந்தப் பசி
யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது.

எடில்சன் பிரேசிலிலிருந்து வந்தவன்.
அவனுடையது, அவளுடையது, உங்களுடையது
மூன்றையும் ஒரே சொல்லில் வைத்துப் பழகியவன்.
"வெல்டா அழுதாள்.
உங்கள் மகன் போனை எடுக்கவேயில்லை"
என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.
எனக்கு மகன் இல்லை.
ஒரே ஒரு நொடி
இருந்தான்.

நுக்ஸார் எழுதியிருந்தார்:
என் மனைவி நர்ஸ்.
அவன் பகலில் தூங்குகிறான்.
நான் இரவில் தூங்குகிறேன்.
அவனுடைய தலையணை எனக்கு எப்போதும் சூடாகக் கிடைக்கிறது.

சத்தமாகப் படிக்கச் சொன்னது என் தவறு.
அறை சிரித்தது.
எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.
ஜார்ஜிய மொழியில் ஆணும் பெண்ணும்
ஒரே சொல்லுக்குள் இடிக்காமல் உட்கார்ந்துகொள்வார்களாம்.
'ஹி'க்கு முன்னால் ஓர் எஸ் சேர்த்தேன்.
மனைவி பெண்ணானாள்.
தலையணை அப்படியே சூடாகத்தான் இருந்தது.

போன வாரம் அறையைப் பூட்ட வந்த மெர்வின்
"அந்த ஆட்கள் மறுபடியும்
கோப்பையைக் கழுவாமல் போய்விட்டார்கள்" என்றார்.
'அந்த' சரியான இடத்தில் இருந்தது.
'ஆட்கள்' பன்மை, வினையும் பன்மை.
அவர் பிறந்ததே இந்த மொழிக்குள்.
திருத்த ஒன்றுமில்லாமல்
சிவப்புப் பேனா கையில் சும்மா கிடந்தது.
கழுவாத கோப்பை என்னுடையது.
சொல்லவில்லை.

இன்றைக்கு நான் மாட்டிக்கொண்டது
நுக்ஸாரின் கடைசி வரியில்.
ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட் இன் கிரிம்ஸ்பி.

'ஃப்ரெண்ட்'டின் வாலில் எஸ் ஒட்டியாயிற்று.
அதற்குக் கண் போதும்.
ஆனால் 'ஃப்யூ'வுக்கு முன்னால்
ஓர் 'எ' விட்டுப்போயிருக்கிறதா,
இல்லை, வேண்டாமென்றுதான் விட்டாரா?
போட்டால், நான்கைந்து பேர் உண்டு,
ஞாயிற்றுக்கிழமை யாராவது கதவைத் தட்டுவார்கள்.
போடாவிட்டால், இருந்தும் இல்லாத மாதிரி.
இரண்டுமே இலக்கணம்.
பாடப்புத்தகம் நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
'சொல்பவர் கருத்தைப் பொறுத்தது'
என்று கை கழுவிவிடுகிறது.

எல்லாரும் போன பிறகு
சொல்பவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
மீன் செதில் ஒட்டிய விரல்களை மடக்கி எண்ணினார்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரெஜி.
வெல்டா, ஆனால் கோபமில்லாத நாளில் மட்டும்.
எதிர்வீட்டு நாய். பெயர் தெரியாது,
அவள் என்னைப் பார்த்து வாலாட்டுவாள்.
(நாய் ஆண். நான் பார்த்திருக்கிறேன். திருத்தவில்லை.)
பிறகு கட்டைவிரலை நிமிர்த்தி
பெயர் எதுவும் சொல்லாமல்
என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.
நான் நோட்டைப் பார்த்தேன்.

"அப்படியானால் 'எ' போடலாமா?"

ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்குகள்.
படியில் மெர்வினின் சாவிக்கொத்து ஏறி வந்தது.
நுக்ஸார் தொப்பியை மாட்டிக்கொண்டார்.
"போடுங்கள் டீச்சர்.
பென்சிலில் போடுங்கள்."

பையின் அடியில் ஒரு பென்சில் இருந்தது,
முனை மழுங்கியது.
எழுத்து
கொஞ்சம் தடித்தே விழுந்தது.